பிக்கப் உரிமையாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வராமல் பிறகு கேட்டுத் தெரிந்துகொள்ளப் போகும் உறுப்பினர்களே, வணக்கம்.

செயற்குழு விதிப்படி கூடியது. பொதுக்குழு ஒரு முறை ஒத்திவைக்கப்பட்டுப் பிறகு நடந்தது. புதிய உறுப்பினர்கள் சேர்ந்தார்கள், சிலர் விலகினார்கள். சங்கத்தின் பொது டிரெய்லருக்கு டயர் மாற்றி, விளக்கு ஒயரிங்கைச் சரிசெய்தோம். ஆண்டு விழா நன்றாக நடந்தது.

இனி, இந்த ஆண்டு உண்மையில் நடந்த வேலை. அதாவது கியர்பாக்ஸ் பயிற்சி. "வருஷக்கணக்கா வண்டி ஓட்டுறோம், எங்களுக்கே கிளட்ச் மிதிக்கச் சொல்லித் தரீங்களா?" என்று செயற்குழுவில் கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பகுதி கொஞ்சம் நீளமாக இருக்கிறது.

டிரெய்லர் இழுக்கும் டீசல் பிக்கப்பில் கியர்பாக்ஸ் போனால், எல்லோரும் முதலில் எடையைத்தான் குற்றம் சொல்கிறோம். வரம்புக்கு மேல் ஏற்றினால் கெடும் என்பது சரிதான். பல மாடல்களில் மேனுவல் கியர் வண்டிக்கு இழுவை வரம்பு ஆட்டோமேட்டிக்கைவிடக் குறைவு என்பதையும், விளம்பரத்தில் பெரிதாகப் போடும் எண் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக்குக்கு உரியது என்பதையும் நாம் பார்ப்பதில்லை. ஆனால் வரம்புக்குள் ஏற்றிய வண்டிகளும் கெடுகின்றன. காரணம் டாப் கியர் மோகம். டீசல் என்ஜின் குறைந்த சுழற்சியிலேயே நல்ல முறுக்கு விசை தரும். அந்தத் தைரியத்தில் ஏற்றத்திலும் ஐந்தாவது கியரிலேயே வைத்து, என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று (ஆர்.பி.எம்.) சுற்றுகிறது என்று காட்டும் முள் ஆயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கிய பிறகும் ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்துகிறோம். வண்டி திணறுகிறது, ஆனாலும் போகிறது. போகிறதே என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

உள்ளே நடப்பது வேறு. நாலு சிலிண்டர் என்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு, ஆறு சிலிண்டரில் மூன்று. சுழற்சி குறையும்போது வெடிப்புகளுக்கு இடையே நேரம் கூடுகிறது. அதே சக்தி வேண்டுமானால் ஒவ்வொரு வெடிப்பும் பலமாக அடிக்க வேண்டும். அந்த அடியைத் தாங்கி மட்டுப்படுத்த வேண்டிய, என்ஜினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் ஆற்றலோ, வேகம் பாதியானால் நாலில் ஒரு பங்காகிவிடும். ஆக, அடி பெரிதாகும் நேரத்தில்தான் தாங்கும் சக்தி குறைகிறது. இந்த முறுக்கு அதிர்வு கிளட்ச் பிளேட்டின் ஸ்பிரிங், இரட்டை ஃப்ளைவீல், கியர் பல், பேரிங் என்று வரிசையாக இறங்குகிறது. ஒரு கியர் குறைத்து, சுழற்சியை உயர்த்தினால் சக்கரத்துக்குப் போகும் இழுவை குறையாது. கியர்பாக்ஸுக்குள் நுழையும் முறுக்கு மட்டும் குறையும். பயிற்சியில் நான் திரும்பத் திரும்பச் சொன்னது இதை மட்டுமே. வண்டியின் கையேட்டில் அதிகபட்ச முறுக்கு விசை எந்த ஆர்.பி.எம்.மில் என்று போட்டிருக்கும். சுமையோடு இருக்கும்போது முள் அதற்குக் கீழே இறங்கினால் கியரைக் குறையுங்கள். டீசல் வீணாகுமே என்ற கவலை புரிகிறது. கியர்பாக்ஸைக் கழற்றி மேசையில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் கவலை இருப்பதில்லை.

ஓவர் டிரைவ் பற்றியும், அதாவது என்ஜினைவிட வெளியே போகும் ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும் கியரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வழக்கமான ஐந்து கியர் பெட்டிகளில் நாலாவது நேர் கியர்: உள்ளே வரும் ஷாஃப்டும் வெளியே போகும் ஷாஃப்டும் நேராகப் பூட்டிக்கொள்ளும், சுமை கீழே இணையாக உள்ள கவுண்டர் ஷாஃப்ட் என்ற துணை ஷாஃப்ட் வழியாகப் போவதில்லை. ஓவர் டிரைவான ஐந்தாவதில் எல்லாச் சுமையும் அந்தச் சுற்றுவழியில், சில பற்களின் மேல் போகிறது. சூடும் கூடும். சுமையோடு போகும்போது நாலாவதிலேயே இருப்பது அவமானம் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளை யாரோ ஒருவர் டிரெய்லரின் கருவிப் பெட்டிக்கு அடியில் விரித்திருந்தார். போகட்டும்.

இது நான் கற்பனையில் சொல்வதல்ல. 1994-இல் புது வடிவில் வந்த அமெரிக்க டாட்ஜ் ராம் பிக்கப்பில், கம்மின்ஸ் 5.9 லிட்டர் ஆறு சிலிண்டர் டீசலுடன் என்வி4500 என்ற ஐந்து கியர் பெட்டி இருந்தது. இரும்பு உடல், முதல் கியர் விகிதம் ஐந்தரைக்கு மேல். யானை மாதிரி பெட்டி என்று பெயர். அதிலும் ஐந்தாவது கியரை மெயின் ஷாஃப்டில், அதாவது வெளியே போகும் ஷாஃப்டில், பிடித்து வைக்கும் நட் கழன்று, கியர் பின்னால் நகர்ந்து, ஐந்தாவதே இல்லாமல் போவது ஊரறிந்த கோளாறு. டாப் கியரில் குறைந்த சுழற்சியில் சுமை இழுக்கும்போது வரும் அதிர்வை அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்வார்கள். கியர் உட்காரும் ஷாஃப்ட் பகுதி முழுவதும் பல் வெட்டிய ஷாஃப்டை மாற்றாகப் போடுகிறார்கள். அவ்வளவு கனமான பெட்டிக்கே அந்த நிலை என்றால், நம் வண்டிகளில் இருக்கும் அலுமினியப் பெட்டிகள் எம்மாத்திரம்? அந்த ராம் வரிசையிலும் 2018-க்குப் பிறகு மேனுவல் கியரே இல்லை. இருக்கிற மேனுவல்களைக் காப்பாற்றுவது நம் கையில்தான் இருக்கிறது.

எண்ணெய் சோதனை நாள் ஒன்று நடத்தினோம். சமதளத்தில் நிறுத்தி, பக்கவாட்டு அடைப்பைத் திறந்து, விளிம்பு வரை எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பது அவ்வளவு பெரிய வித்தை இல்லை. வந்த வண்டிகளில் பலவற்றில் எண்ணெய் குறைவு, சிலவற்றில் தவறான எண்ணெய். கெட்டியாக இருந்தால் நல்லது என்று ஜிஎல்-4 என்ற தர எண்ணெய் கேட்கும் பெட்டியில் ஜிஎல்-5 தர எண்ணெயை ஊற்றியிருக்கிறார்கள். ஜிஎல்-5 பின்பக்க டிஃபரன்ஷியலுக்கு ஏற்றது. அதில் கூடுதலாக இருக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும். வளையம் பிடித்து வேகத்தைச் சமப்படுத்தத் தேவையான உராய்வும் கிடைக்காமல் போகும். அப்புறம் கியர் விழவில்லை, கடகடவென்று சத்தம் என்று என்னிடமே வருகிறார்கள். சில பெட்டிகளுக்குத் தயாரிப்பாளரே ஆட்டோமேட்டிக் பெட்டிக்கான மெல்லிய எண்ணெயைத்தான் சொல்லியிருப்பார். அதைப் பார்த்தும் சிலர் நம்புவதில்லை. கையேட்டில் உள்ளதை ஊற்றுங்கள். அடிக்கடி இழுப்பவர்கள் மாற்றும் இடைவெளியைக் குறைத்துக்கொள்ளுங்கள். வடித்த எண்ணெயில் மினுமினுப்பாகப் பித்தளைத் துகள் தெரிந்தால் சிங்க்ரோ பேசுகிறது என்று அர்த்தம்.

கிளட்ச் விஷயத்தில் எனக்கு மனவருத்தம் உண்டு. பெயர் சொல்லப் போவதில்லை. பொது டிரெய்லரை எடுத்துச் சென்ற உறுப்பினர் ஒருவர், பின்னோக்கி மேட்டில் ஏற்றும்போது ஹாஃப் கிளட்சிலேயே வெகு நேரம் நிறுத்தி, புகை வர வைத்து, டிரெய்லர் கனம் அதிகம் என்று புகார் எழுதினார். பயிற்சிக்கு அழைப்பு அனுப்பியபோது அவருக்கு வேலை இருந்தது. வந்திருந்தால் கேட்டிருப்பார்: ரிவர்ஸில் கியர் விகிதம் முதல் கியரை ஒட்டியே இருந்தாலும் நாம் அதைவிட மெதுவாக நகர நினைக்கிறோம், அதனால் கிளட்ச் நழுவுகிறது, அந்த வித்தியாசம் முழுக்க வெப்பமாகிறது. நாலு சக்கர ஓட்டம் உள்ள வண்டியில், மண் தரையில், வேகத்தை இன்னும் குறைக்கும் லோ ரேஞ்ச் கியரைப் போட்டால் கிளட்சை முழுவதும் விட்டுவிட்டே ஊர்ந்து போகலாம். காய்ந்த தார்த் தரையில் ஸ்டியரிங்கை ஒடித்தபடி அதைச் செய்யக் கூடாது; முன், பின் அச்சுகள் ஒன்றோடொன்று இழுத்துக்கொள்ளும். கிளம்பும்போது எப்போதும் முதல் கியர். இரண்டாவதிலேயே எடுப்பேன் என்று பெருமை பேசுபவர்களின் கிளட்ச் பிளேட்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

கிளட்ச் மிதியில் கால் வைத்தபடி ஓட்டினால் ரிலீஸ் பேரிங் தேயும். கியர் கம்பியில் கையை ஊன்றியபடி ஓட்டினால் உள்ளே கியர் ஃபோர்க் தேயும். சிப் போட்டு என்ஜின் சக்தியைக் கூட்டிய உறுப்பினர்கள், கிளட்ச் நழுவுகிறது என்று அதைவிட முரட்டுக் கிளட்ச் போடுகிறார்கள். முன்பு கிளட்ச் நழுவி ஃபியூஸ் போலக் காத்தது. இப்போது அந்த அடி நேராகக் கியர் பல்லுக்குப் போகிறது.

இறக்கத்தில் நியூட்ரல் போடும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. பெட்ரோல் வண்டியைவிட டீசலில் என்ஜின் பிடிமானம் இயல்பாகவே குறைவு. புகை வெளியேறும் வழியை அடைத்து என்ஜினைப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தால்தான் நல்ல பிடிப்பு. ஆகவே இறங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். பாதி வழியில் வேகம் எடுத்த பிறகு பதறி நாலிலிருந்து இரண்டுக்குத் தள்ளுவது மிக ஆபத்து. கிளட்ச் மிதித்துத்தானே இருக்கிறேன் என்பார்கள். மிதித்திருந்தாலும் கிளட்ச் பிளேட் கியர்பாக்ஸ் ஷாஃப்டோடு சேர்ந்ததுதான். சக்கரம் அதைச் சுழற்றும். என்ஜினின் எல்லையைத் தாண்டிய வேகத்தில் பிளேட் சிதறிய சம்பவங்கள் உண்டு.

கடைசியாக ஒன்று. நின்றுபோன பிக்கப்பை நியூட்ரலில் போட்டு, பின்சக்கரம் தரையில் உருள, நெடுந்தூரம் இழுத்து வந்த உறுப்பினர் ஒருவர் நம்மிடையே இருக்கிறார். பல பெட்டிகளில் என்ஜின் நின்றால் கவுண்டர் ஷாஃப்ட் சுழலாது. அது எண்ணெயை வாரி இறைக்காது. மேலே மெயின் ஷாஃப்ட் மட்டும் உலர்ந்து சுற்றிக்கொண்டிருக்கும். கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு இழுங்கள், அல்லது பின்சக்கரத்தைத் தூக்கி இழுங்கள்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வைத்திருக்கிறார். வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு எதிர்பார்த்த அளவு. வித்தியாசம் சந்தா பாக்கியில் இருக்கிறது. பாக்கி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் டிரெய்லர் பதிவேட்டில் அடிக்கடி கையெழுத்திட்டவர்கள் என்பதை மட்டும் குறிப்பிட்டு விடுகிறேன். பயிற்சிக்கான செலவில் ஒரு பகுதியை நான் கையிலிருந்து போட்டேன். அதைத் திருப்பிக் கேட்கவில்லை, கணக்கில் வர வேண்டுமே என்று சொல்கிறேன்.

இடம் கொடுத்தவர்களுக்கும், பழுதான பெட்டியைத் திறந்து காட்ட அனுமதித்த மெக்கானிக்குக்கும், தலைவருக்கும், செயற்குழுவுக்கும் நன்றி. எண்ணெய் சோதனை நாளில் காலையிலிருந்து மாலை வரை வண்டிக்கு அடியில் படுத்திருந்த இளைய உறுப்பினர்களுக்குத் தனியாக நன்றி.

வரும் ஆண்டுக்கு ஒரு தீர்மானம் வைக்கிறேன்: பயிற்சிக்கு வராதவருக்கும் சந்தா பாக்கி உள்ளவருக்கும் டிரெய்லர் சாவி கிடையாது. இதை ஏற்றால் இரண்டாம் கட்டப் பயிற்சிக்கான ஏற்பாட்டை நானே பார்க்கத் தயார். பொறுப்பை வேறு யாராவது எடுத்துக்கொள்வதானாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. பதிவேடு, எண்ணெய் சோதனைப் பட்டியல், சாவிகள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. வேட்புமனுப் படிவம் வாசல் மேசையில், சந்தா ரசீதுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இதுவரை படிவத்தை யாரும் எடுக்கவில்லை. ரசீதுப் புத்தகத்தையும்தான்.

இப்படிக்கு,
செயலாளர்