இரண்டெழுத்துத் திருத்தம் வேண்டி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் எரிமலைக் கட்டுரையில், 'அடியில் கொதிக்கும் குழம்பே வெளியே வந்து ஆறிப் பாறையாகிறது' என்ற வரியைப் படித்தேன். எட்டுப் பக்கம் எழுதியவருக்கு, அடியில் இருப்பது ஒரே குழம்புதானா என்று கேட்கத் தோன்றவில்லை போலும். தாங்கள் அறியாததல்ல, இரு வேறு குழம்புகள் கலந்தே ஐஸ்லாந்தின் சிலிக்கா அளவில் இடைப்பட்ட பாறைகள் உருவாயின என்று ஜெர்மன் வேதியியலாளர் புன்சன் 1851-லேயே எழுதிவிட்டார். ஆய்வுக்கூட அடுப்புக்குப் பெயர் தந்த அதே புன்சன்தான்.

கலிபோர்னியாவின் லாசன் சிகரம் 1915 மே 22 அன்று வெடித்தபோது விழுந்த நுரைக்கற்களில் சிலிக்கா மிகுந்த வெளிர்நிற டேசைட், அது குறைந்த கருநிற ஆண்டிசைட் என்ற இருவகைப் பாறைகள் பட்டை பட்டையாக ஓடுகின்றன. மலைக்கு அடியில் டேசைட் குழம்பு தேங்கிக் கிடந்த அறைக்குள் அதைவிடச் சூடான குழம்பு கீழிருந்து புகுந்தது. இரண்டும் முழுதாகக் கலக்கும் முன்பே வெடிப்பு அவற்றை வெளியே எறிந்துவிட்டது. அந்த ஆண்டுப் பாறைகளில், ஒரே குழம்பில் சேர்ந்து படிகமாக இயலாத இரு கனிமங்களான மக்னீசியம் மிகுந்த ஆலிவினும் குவார்ட்ஸும் அருகருகே கிடக்கின்றன. பதம் பார்க்கத் தண்ணீரில் விட்ட வெல்லப்பாகு உருண்டுகொள்வதைப் போல, புகுந்த குழம்பு உருண்டைகளாக இறுகியதையும் காணலாம்.

நான் இருபத்தெட்டு ஆண்டுகள் பாடம் நடத்திய கல்லூரியின் அலமாரியிலும் இத்தகைய பட்டை நுரைக்கல் ஒன்று, கைப்பிடி அளவில், இருந்தது. ஆய்வுக்குழு வருகிறதென்று, கரும்பட்டைகளை அழுக்கென எண்ணிய மேலதிகாரி அதை அமிலத்தில் ஊறவைத்துத் தேய்க்கச் சொன்னார். பட்டை போகவில்லை, கல்தான் இரண்டாக உடைந்தது. 'கறை படிந்த கல்' என்ற சீட்டோடு ஓய்வுபெறும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கள் கட்டுரையைப் படித்ததும் அந்தச் சீட்டுதான் கண்முன் வந்தது.

இது கல் பொறுக்குபவரின் வீண் பிடிவாதமன்று. பிலிப்பைன்ஸின் பினதுபோ எரிமலையில் 1991 ஜூன் 7 அன்று தலைகாட்டிய குவிமாடம் (குழம்பு பிதுங்கி இறுகிய மேடு), டேசைட்டும் அதைவிடச் சூடான பசால்ட் குழம்பும் கலந்து உண்டான, பசால்ட் உருண்டைகள் பதிந்த ஆண்டிசைட். கீழே டேசைட்டுக்குள் பசால்ட் புகுந்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று. அந்தப் புகுதல் தூண்டிய பெருவெடிப்பில் ஜூன் 15 அன்று மலையின் உச்சியே இல்லாமற்போயிற்று. அதற்குத் தாங்கள் ஒதுக்கியது இரண்டு வரி. உடன் ஹவாயின் செந்நிற எரிகுழம்பு ஓடைப் படம். பினதுபோ கக்கியதோ சாம்பலும் நுரைக்கல்லும். இதே படத்தைக் குறித்து நான் முன்பு எழுதிய கடிதம், 'கட்டுரை அருமை' என்ற முதல் வரியோடு நின்றுபோய் வெளிவந்தது. எனவே இம்முறை பாராட்டு எதையும் சேர்க்கவில்லை.

அடுத்த இதழில் 'குழம்பே' என்பதைக் 'குழம்புகளே' என்று திருத்தி வெளியிட்டால் போதும். 'கள்' விகுதிக்கு இடம் கிடைக்கும் என நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நிலவியல் விரிவுரையாளர்,
சேலம்.