நிதிக்குழுவுக்கு, மாடிப்படிக்கு அடியில இருந்து ஒரு மடல்

நிதிக்குழுல இருக்கற எல்லாருக்கும் வணக்கம்.

போன மீட்டிங்ல ஸ்மார்ட் போர்டு வாங்க ஓகே சொன்னீங்க, சந்தோஷம். அதே ஃபைல்ல நாங்க கேட்டிருந்த நெட்வொர்க் ஸ்விட்ச் (ஒரு லைன்ல வர்ற நெட்ட பல கேபிளுக்குப் பிரிச்சு விடற பொட்டி), கேபிள், யூபிஎஸ் பேட்டரி எல்லாம் "அடுத்த வருஷம் பாக்கலாம்"னு திரும்பி வந்துடுச்சு. எனக்குத் தெரிஞ்சு இது மூணாவது அடுத்த வருஷம். நான் கேம்பஸ் நெட்வொர்க்க பாத்துக்கற ரெண்டு பேர்ல ஒருத்தன், அதான் மனசு கேக்காம எழுதறேன்.

ஒரு தடவ எங்கூட பழைய பிளாக்குக்கு வாங்க. மாடிப்படிக்கு அடியில தொடப்பம், மாப்பு, பக்கெட்டெல்லாம் வைக்கற ஒரு ரூம் இருக்கு, அந்த பக்கெட்டுக்கு நேர் மேல ஒரு ராக் (நெட்வொர்க் பொட்டிங்கள அடுக்கற இரும்பு அலமாரி), அதுலதான் நாலு மாடிக்கும் நெட் போற ஸ்விட்ச் உக்காந்திருக்கு. ஃபேன் நின்னு பல மாசம் ஆச்சு, கைய வெச்சா சுடும். போன செமஸ்டர் கோர்ஸ் பதிவு நடந்த அன்னிக்குக் காலைல மொத்த பிளாக்கும் டவுன், ஓடிப்போய் பாத்தா யாரோ ஸ்விட்ச் ப்ளக்க புடுங்கிட்டு செல்ஃபோன சார்ஜ் போட்டிருக்காங்க. அவங்கள திட்டி என்ன ஆகப்போகுது? பூட்டு போட்டும் பாத்தோம், தொடப்பம் எடுக்க முடியலன்னு உடைச்சுட்டாங்க, அவங்க பக்கமும் நியாயம் இருக்குல்ல.

"லைன் ஸ்பீட கூட்டிட்டோமே, வைஃபை ஏன் இன்னும் ஸ்லோ"ன்னு கேக்கறீங்க. தொட்டிய பெருசா கட்டிட்டு உள்ள பைப்ப மாத்தாம விட்ட கதைதான். அந்த ஸ்விட்ச்ல ஒரு போர்ட்டுக்கு (கேபிள் சொருகற ஓட்டைக்கு) 100 எம்பிபிஎஸ் ஸ்பீடுதான், அதுல தொங்கற ஒரு வைஃபை பாக்ஸ 60 பசங்க பிடிச்சா ஆளுக்கு 2 எம்பிபிஎஸ் கூட தேறாது. காரிடார்ல இன்னும் நாலு பாக்ஸ் மாட்டுங்கன்னு சொல்றது ஈஸி, ஆனா வைஃபை ஓடற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் 1, 6, 11னு மூணே மூணுதான், மேல மேல மாட்டினா ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்கு கேக்காத சந்தை மாதிரி ஆயிடும். இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸ் சுவத்தத் தாண்டவே திணறும், அப்போ ரூமுக்கு ரூம் பாக்ஸ் வேணும், ஒவ்வொண்ணுக்கும் கேபிள் இழுக்கணும், செப்புக் கேபிள் 100 மீட்டருக்கு மேல போகாது, அதனால பில்டிங்குக்கு பில்டிங் ஃபைபர், அதாவது கண்ணாடி இழைக் கேபிள்தான். எங்க சுத்தினாலும் கடைசில கேபிள்லதான் வந்து நிக்கும்.

ஃபைபர்ல செலவே பள்ளம் தோண்டறதுதான். தண்ணி பைப்புக்காக ரோட்ட தோண்டறப்ப கூடவே பின்னாடி ஃபைபர் இழுக்கறதுக்கு ஒரு காலி குழாய் போட விடுங்க, ப்ளீஸ். ஒரு தடவ போட்ட ஃபைபர் ரொம்ப வருஷம் வரும், ரெண்டு முனையில இருக்கற பொட்டிய மட்டும் மாத்தினா ஸ்பீடு ஏறும்.

பேக்கப் விஷயம்தான் எனக்கு நிஜமா பயம். ஜப்பான்ல கியோட்டோ பல்கலைக்கழகத்துல 2021 டிசம்பர்ல பேக்கப் எடுக்கற ஸ்கிரிப்ட்ட (சின்ன ப்ரோக்ராம) மாத்தறப்ப வந்த கோளாறுல சூப்பர்கம்ப்யூட்டர்ல இருந்து 77 டெராபைட் டேட்டா அழிஞ்சுது, 14 ஆராய்ச்சிக் குழு மாட்டிக்கிச்சு, அதுல 4 குழுவோடது திரும்ப வரவே இல்ல. அவ்வளவு வசதி இருக்கற இடத்துலயே அப்படி. நம்ம பசங்களோட தீசிஸ் டேட்டா ஒரு சர்வர்ல இருக்கு, அதோட காப்பி அதே ராக்ல ரெண்டு தட்டு கீழ இருக்கு. இத பேக்கப்னு எழுதி கையெழுத்து போடறப்ப எனக்கே கூச்சமா இருக்கு.

ஒரே வருஷத்துல எல்லாம் வேணும்னு கேக்கல. வருஷா வருஷம் அஞ்சுல ஒரு பங்கு ஸ்விட்ச்ச மாத்தற மாதிரி ஒரு நிரந்தர தொகை, இன்னொரு பில்டிங்ல ஒரு பேக்கப், ராக்குக்குன்னு தனி ரூம், இவ்வளவுதான். யூபிஎஸ் பேட்டரி மட்டும் தள்ளாதீங்க, 3லருந்து 5 வருஷம் வர்ற சாமான், நம்மளோடது எட்டாவது வருஷத்துல கீச்சு கீச்சுன்னு கத்திட்டு இருக்கு.

என்னிக்கு வர்றீங்கன்னு மட்டும் முன்னாடியே சொல்லுங்க, பக்கெட்ட நகத்தி வைக்கறேன்.