பட்டியலில் வராத மின்தடை

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையில் 'நாளைய மின்தடை' என்று வரும் பெட்டிச் செய்தியைத்தான் தினமும் முதலில் பார்ப்பேன். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் மாவு மில் வைத்திருக்கிறேன். காலை 9 முதல் மாலை 4 வரை கரண்ட் இருக்காது என்று போட்டிருந்தால் முந்தின நாளே சொல்லிவிடுவேன், யாரும் மிளகாயைச் சுமந்துகொண்டு வந்து திரும்பிப் போக வேண்டாம். அந்த மின்தடை மேல் எனக்குக் கோபமே இல்லை.

கோபம் எல்லாம் கரண்ட் இருந்தும் உதவாத நேரத்தின் மேல்தான். மில் இருப்பது லைனின் கடைசியில். வீடுகள், கிணற்று மோட்டார்கள் எல்லாம் ஒரே டிரான்ஸ்பார்மர். முக்கால்வாசிப் பேர் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருப்பதால், கரண்ட் போய் வந்தவுடன் எல்லா மோட்டாரும் ஒரேயடியாக எடுக்கும், வோல்டேஜ் படுத்துவிடும். (விவசாயிகளைக் குறை சொல்லவில்லை, எனக்கும் அரை ஏக்கர் இருக்கிறது.) மோட்டார் தகட்டில் 415 வோல்ட் என்று போட்டிருக்கும், என் போர்டில் முள் 350-ஐத் தாண்டாது. வோல்டேஜ் இறங்கினால் ஆம்பியர் ஏறும், காயில் கருகும். போன வருஷம் இரண்டு தடவை ரீவைண்டிங். மில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நிலைக்கட்டணம் மட்டும் தவறாமல் வந்துவிடும்.

தீபாவளிக்கு நாலு நாள் முன்பு அதிரசத்துக்கு ஊறவைத்த அரிசியோடு பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். அந்த அரிசியை ஈரப்பதம் இருக்கும்போதே அரைத்தாக வேண்டும், காய்ந்தால் அதிரசம் வராது, மூடி வைத்தால் புளிக்கும். மூணாவது தூக்கில், மோட்டாருக்கு வரும் மூணு பேஸில் ஒன்று போச்சு, மில் நின்றுவிட்டது. கல்லுக்கு நடுவில் பாதி அரைபட்ட ஈரமாவு அப்பிக்கொள்ள, கழற்றிச் சுரண்டிக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா ஒன்றும் சொல்லாமல் தூக்கை எடுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸுக்குப் போய்விட்டார். அப்புறம் மிளகாய் அரைக்கக்கூட அவர் இந்தப் பக்கம் வரவில்லை.

2018 ஏப்ரல் 28-ஓடு நாட்டில் எல்லாக் கிராமத்துக்கும் மின்சாரம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அறிவித்தார்கள். கம்பியும் டிரான்ஸ்பார்மரும் வந்து, பள்ளிக்கூடம் மாதிரிப் பொது இடங்களிலும் நூற்றுக்குப் பத்து வீட்டிலும் இணைப்பு இருந்தால் அந்தக் கணக்குக்குப் போதும். எத்தனை வோல்ட் வருகிறது என்பது அதில் கிடையாது.

கூடுதல் டிரான்ஸ்பார்மர் கேட்டு இரண்டு மனு கொடுத்தாகிவிட்டது. 'லோடு பார்க்கிறோம்' என்கிறார்கள். பார்க்க வருவதோ மதியம், மோட்டார்கள் ஓடாத நேரம். உங்கள் நிருபரை ஒரு நாள் காலை 7 மணிக்கு அனுப்புங்கள், போர்டில் முள் எங்கே நிற்கிறது என்று அவரே பார்க்கட்டும். டீ என் செலவு.

இப்படிக்கு,
ஒரு மாவு மில்காரர்,
திருவண்ணாமலை மாவட்டம்