பாத்திரம் கிடக்கட்டும்

கோவில்பட்டி,
புதன்கிழமை மத்தியானம்

அன்புள்ள பாப்பா,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். என் பேரன் தம்பிக்குட்டிக்குச் சளி குறைந்ததா? கற்பூரவள்ளி இலையைத் தணலில் வாட்டிச் சாறு பிழிந்து, இரண்டு சொட்டுத் தேன் விட்டுக் கொடுக்கச் சொன்னேன். கொடுத்தாயா, இல்லை, 'சரி அம்மா' என்று சொல்லிவிட்டு மறந்துவிட்டாயா?

நீ அனுப்பிய பார்சல் சனிக்கிழமை வந்தது. பெட்டி நசுங்காமல் பத்திரமாக வந்து சேர்ந்தது.

இங்கே வெயில் கொளுத்துகிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. பெரியத்தை வீட்டுக் கல்யாணத்துக்கு இருவரும் போய் வந்தோம். நீ ஏன் வரவில்லை என்று கேட்காத ஆள் இல்லை. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். மதுரைக்காரரும் வந்திருந்தார். அப்பா அவரிடம் பேசினார். அதை நேரில் சொல்கிறேன்.

பார்சல் விஷயத்துக்கு வருகிறேன். தம்பிக்குச் சிறிதாகிப்போன சட்டைகளை அனுப்பியிருப்பாய், பெரியத்தையின் பேத்திக்கு ஆகும் என்று நினைத்துத்தான் பிரித்தேன். உள்ளே முழுக்க நீ கதை எழுதும் நோட்டுகள். பதினேழு. எண்ணிப் பார்த்தேன். அப்பா உனக்கு வாங்கித் தந்த மைப்பேனாவும் அதே பெட்டியில் இருந்தது. மேலே ஒரு துண்டுச் சீட்டு. 'தம்பியின் பொம்மைகளுக்கு அலமாரியில் இடம் வேண்டும். இவற்றைப் பரணில் போட்டு வை. இடமில்லை என்றால் எடைக்குப் போட்டுவிடு அம்மா.'

அந்தக் கடைசி வரியை நீ எதையும் நினைக்காமல் எழுதினாயா, நினைத்துத்தான் எழுதினாயா என்று எனக்குத் தெரியவில்லை. நான்கு நாளாக அந்தச் சீட்டு அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. சீரகம் எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது.

போனில் கேட்டிருக்கலாம். கேட்டால் 'தம்பி அழுகிறான், அப்புறம் பேசுகிறேன்' என்பாய். சின்ன வயதிலிருந்தே நீ அப்படித்தான். காய்ச்சல் அடித்தால்கூட நெற்றியைத் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பெங்களூருவில் இருக்கிறவளின் நெற்றியை நான் எப்படித் தொட்டுப் பார்ப்பது?

இரவில் நன்றாகத் தூங்குகிறாயா? இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடு. இட்லி மாவை வாரத்துக்கு ஒரு முறை மொத்தமாக அரைத்து வை. தினமும் மூன்று விதமாகச் சமைக்க வேண்டியதில்லை. ஒரு குழம்பு, ஒரு காய் போதும். நான் அப்படித்தான் உன்னை வளர்த்தேன், நீ ஒன்றும் இளைத்துவிடவில்லை.

போன வருடம் அங்கே வந்திருந்தபோது ஒன்று பார்த்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தம்பி மத்தியானம் ஒன்றரை மணி நேரம் தூங்குகிறான். அவன் கண் மூடியதும் நீ அடுக்களைக்கு ஓடுவாய். சத்தம் கேட்டு விழித்துவிடக் கூடாது என்று குழாயைக் கொஞ்சமாகத் திறந்து, டம்ளரோடு டம்ளர் இடிக்காமல் ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்ப்பாய். அப்புறம் துணி மடிப்பாய். கடைசிச் சட்டையை மடிக்கும்போது அவன் சிணுங்குவான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, 'என் மகள் அடுக்களையை எவ்வளவு பளிச்சென்று வைத்திருக்கிறாள்' என்று சம்பந்தியம்மாவிடம் போனில் பெருமை அடித்தேன். நீ கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். ஒன்றும் சொல்லவில்லை.

பாத்திரம் கிடக்கட்டும் பாப்பா. அந்த ஒன்றரை மணி நேரத்தில் பாத்திரம் கழுவாதே.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். மாதத்தின் முதல் வாரம் நான் பஸ் ஸ்டாண்ட் புத்தகக் கடைக்குப் போவேன். உன் கதை வந்த மூன்று பத்திரிகைகளையும் புரட்டி, உள்ளடக்கப் பக்கத்தில் விரல் வைத்து உன் பெயர் இருக்கிறதா என்று தேடுவேன். முதலில் கடைக்காரர் ஒரு மாதிரிதான் பார்த்தார். பிறகு விஷயத்தைச் சொன்னேன். இப்போதெல்லாம் நான் படியேறுவதற்குள் அவரே 'இந்த மாதமும் இல்லை அக்கா' என்று சொல்லிவிடுகிறார். சும்மா திரும்ப மனம் வராமல் ஒன்றை வாங்கி வந்துவிடுவேன். தம்பி பிறந்ததிலிருந்து இப்படித்தான். மூன்று வருடமாகச் சேர்ந்த பத்திரிகைகள் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன.

உன் முதல் கதை வந்தபோது அப்பா அந்தப் பக்கத்தை எட்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ராத்திரி ஷிப்டுக்குப் போனார். மில் கேட்டில் நின்ற வாட்ச்மேன் வரைக்கும் காட்டியிருக்கிறார். மடிப்பு மடிப்பாகக் கிழிந்துபோன அந்தத் தாள் அவருடைய டைரியில் இன்னும் இருக்கிறது. அவ்வளவு பெருமைப்பட்ட மனிதர் இப்போது உன்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்டால் நீ வருத்தப்படுவாயாம். நானும் கேட்கவில்லை. இரண்டு பேரும் தம்பிக்குச் சளி குறைந்ததா என்றே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

பார்சல் வந்த மறுநாள் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. குழந்தையை வைத்துக்கொண்டு, வீட்டையும் பார்த்துக்கொண்டு எழுத முடியுமா, முடிந்தவர்கள் யாராவது உண்டா என்று தெரிந்துகொள்ளத் தோன்றியது. திங்கட்கிழமை நூலகத்துக்குப் போய் அங்கே இருக்கும் நூலகர் அம்மாவிடம் கேட்டேன். எழுத்தாளர் ஆர். சூடாமணி கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்றார். ராஜம் கிருஷ்ணனுக்குப் பிள்ளைகள் இல்லை என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பிறகு வை.மு. கோதைநாயகியைப் பற்றிச் சொன்னார். ஐந்தரை வயதில் கல்யாணம், பள்ளிக்கூடமே போகவில்லை, ஒரு மகன். எழுதப் பழக்கமில்லாத காலத்தில் அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதிக்கொடுத்தாராம். அப்படித் தொடங்கியவர் 115 நாவல்கள் எழுதி, 1925இலிருந்து ஒரு பத்திரிகையையும் நடத்தியிருக்கிறார். இப்போது கைபேசியில் பேசினால் அதுவே எழுத்தாக வருகிறதாமே, உண்மையா? தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு உலாத்தும்போது பேசிப் பாரேன். உனக்கு இது தெரிந்தே இருக்கும். எனக்குத் தெரிந்ததும் உன்னிடம் சொல்லத் தோன்றியது, அவ்வளவுதான்.

அப்புறம் அந்த அம்மா கவிஞர் சல்மாவின் கதையைச் சொன்னார். அதற்குப் பிறகு எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. துவரங்குறிச்சியில் புகுந்த வீட்டில் எழுதக்கூடாது என்று தடை. இரண்டு ஆண் குழந்தைகள் வேறு. ராத்திரியில் கழிப்பறையில் நின்றுகொண்டு எழுதினாராம். எழுதியதை ஒளித்து வெளியே கொண்டுபோய்ப் பதிப்பகத்துக்குச் சேர்த்தது யார் தெரியுமா? அவருடைய அம்மா.

நீ இந்தக் கதையை எப்போதோ படித்திருப்பாய். படித்தபோது உன் அம்மாவை நினைத்துக்கொண்டாயா என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

நீ பன்னிரண்டாம் வகுப்புப் படித்த வருடம், 2006. பச்சை அட்டை போட்ட நோட்டு. இரண்டு நாள் வீடு முழுக்கத் தேடினாய். பரணில் ஏறி, டிரங்குப் பெட்டியைப் புரட்டி, அரிசி டிரம்முக்குப் பின்னால் கைவிட்டுத் தேடினாய். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, 'அப்பா பரணைச் சுத்தம் செய்தாரே, பழைய பேப்பரோடு சேர்ந்து போயிருக்கும்' என்றேன். நீ அப்பாவிடம் பேசுவதை நிறுத்தினாய். தீபாவளி வரைக்கும் பேசவில்லை.

அப்பா அதைத் தொடக்கூட இல்லை. எடைக்குப் போட்டது நான்தான்.

தெரியாமல் போடவில்லை. படித்துவிட்டுத்தான் போட்டேன். மில்லை மூடியிருந்த அந்த எட்டு மாதத்தை எழுதியிருந்தாய். அடுக்களையில் விறகு மேல் உட்கார்ந்து நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுததை எழுதியிருந்தாய். நீ தூங்குகிறாய் என்று நினைத்திருந்தேன். மதுரைக்காரரிடம் நான் கை நீட்டிப் பணம் வாங்கியதையும் எழுதியிருந்தாய். இது அச்சில் வந்தால் உன் அத்தைமார்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று ஒரே நடுக்கம். அதைச் செய்தித்தாள் கட்டுக்கு நடுவில் செருகி, சணலால் இறுக்கிக் கட்டி நானே தராசில் வைத்தேன். பச்சை அட்டை ஒரு ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரலால் உள்ளே தள்ளினேன். கிடைத்த காசில் அரைக் கிலோ சீனி வாங்கி வந்தேன். அன்று சாயங்காலம் உனக்கு அந்தச் சீனி போட்டுத்தான் காப்பி கொடுத்தேன்.

அப்பாவுக்கு முதல் நாளே புரிந்துவிட்டது. என்னை ஒரு சொல் சொல்லவில்லை. உன்னிடமும் தன் மேல் குற்றமில்லை என்று சொல்லவில்லை. ஷிப்ட் முடிந்ததும் பேப்பர் கடைக்குப் போய் ஒவ்வொரு மூட்டையாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார். லோடு சிவகாசிக்குப் போய்விட்டது என்று சொல்லிவிட்டார்களாம். இது எனக்கே வெகு காலம் கழித்துத்தான் தெரியும். அந்தத் தீபாவளிக்கு மறுநாள் காலையில் வாசல் பெருக்கும்போது தெருவெல்லாம் வெடிக்காகிதம். பேனா எழுத்து தெரிந்த துண்டு ஒவ்வொன்றையும் குனிந்து எடுத்துப் பார்த்தேன். உன் 'ழ'வுக்கு வால் நீளமாக இருக்கும். அது எதிலும் இல்லை. அதற்கப்புறம் எத்தனையோ தீபாவளி வந்து போனது. இன்றைக்கும் மறுநாள் காலையில் குனியாமல் என்னால் வாசல் பெருக்க முடியவில்லை.

நீ எழுதியதெல்லாம் உண்மை. அழகாகவும் எழுதியிருந்தாய். அதை அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. அப்பாவிடம் பேசு. எதுவும் விளக்க வேண்டாம், பேசினால் போதும்.

பதினேழு நோட்டையும் படிக்க எனக்கு உரிமை இல்லை என்று தெரியும். ஆனாலும் மேலாக இருந்த ஒன்றைத் திறந்துவிட்டேன். 'ஆச்சி கிணற்றடியில் உட்கார்ந்து தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால்' என்று எழுதி நிறுத்தியிருக்கிறாய். அதற்குக் கீழே பால் இரண்டு பாக்கெட், டயப்பர், கொத்தமல்லி. அதற்கும் கீழே தடுப்பூசித் தேதி. பக்கத்தின் குறுக்கே தம்பியின் சிவப்பு மெழுகுப் பென்சில் கோடு, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி இழுத்திருக்கிறான். அடுத்த பக்கத்தைத் திருப்பினேன், வெறும் தாள். அதற்கடுத்ததும் வெறும் தாள். ஆச்சிக்குப் பின்னால் என்ன பாப்பா? நான்கு நாளாக எனக்கு அதே யோசனையாக இருக்கிறது.

எழுத்தாளர் கி.ரா. 2021இல் இறந்தபோது அவருடைய ஊரான இடைசெவலில் அரசு மரியாதை செய்ததை நீயும் நானும் சேர்ந்துதானே டி.வி.யில் பார்த்தோம். இங்கே அவருக்குக் கட்டியிருக்கும் நினைவரங்கத்துக்கு அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே நின்றபோது எனக்கு உன் நினைப்புதான். எழுதுகிற ஆண்பிள்ளைக்கு வேளாவேளைக்குச் சோறு வந்துவிடுகிறது. குழந்தை அழுதால் இன்னொருவர் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போகிறார். உனக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? மாப்பிள்ளை தங்கமானவர், அதில் எனக்கு மறு பேச்சில்லை. ஆனால் உனக்கு ஒரு மணி நேரம் வேண்டும் என்று நீ வாய் திறந்து கேட்டாயா? ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் தம்பியைப் பூங்காவுக்குக் கூட்டிப் போகலாமே. பத்து மணிக்குத் திரும்பி வந்து இட்லி சாப்பிட்டால் போதும். மாவு மொத்தமாக அரைத்து வைத்திருந்தால் இட்லி ஊற்ற எவ்வளவு நேரம் ஆகும்?

அலமாரி விஷயத்துக்கும் ஒன்று சொல்கிறேன். பொம்மைகளை ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளு. அவன் தரையில் உட்கார்ந்துதானே விளையாடுகிறான்.

நோட்டுகளைப் பரணில் போடவில்லை. கொரியரில் திருப்பி அனுப்பவும் எனக்குத் தைரியம் இல்லை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நாகர்கோவில் – பெங்களூரு ரயிலில் டிக்கெட் எடுத்துவிட்டேன். கீழ் பெர்த் கிடைத்திருக்கிறது, பெட்டியைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொள்வேன். சனிக்கிழமை காலையில் வந்துவிடுவேன். மாப்பிள்ளை லீவு போட வேண்டாம், ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் வந்துகொள்கிறேன். அப்பா முழங்கால் வலியோடு வர மாட்டேன் என்கிறார், தனியாக இருந்துகொள்வாராம். இருபது நாள் இருப்பேன். மத்தியானம் தம்பி தூங்கினாலும் சரி, விழித்திருந்தாலும் சரி, அவன் என் பொறுப்பு. உள் அறைக் கதவைச் சாத்திக்கொள். நான் தட்ட மாட்டேன்.

கடலை மிட்டாய் இரண்டு கிலோ வாங்கி வைத்திருக்கிறேன். வேறு என்ன வேண்டும் என்று இது கிடைத்ததும் சொல். மாத்திரையை மறக்காதே. நான் வந்து சேரும்வரை பாத்திரம் கிடக்கட்டும்.

அன்புடன்,
அம்மா