பானுவுக்கு, குட்டியின் டோஃபல் பற்றி

திருச்சி
14.3.2026

அன்புள்ள பானு,

உன் குரல் பதிவு வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடவில்லையே என்று தினமும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனது. நாலு மணிக்கொரு தடவை சொட்டு மருந்து, ராத்திரியில் அவள் கண்ணைக் கசக்காமல் பார்த்துக்கொள்வது என்று நாட்கள் ஓடிவிட்டன. இப்போது தெளிவாகத் தெரிகிறதாம். எதிர்வீட்டுக் கோலத்தில் புள்ளி தப்பியிருப்பதை மாடியிலிருந்தே சொல்கிறாள். உன் மாமியாரின் முழங்கால் எப்படி இருக்கிறது? தாராபுரத்துக்காரியின் கிரகப்பிரவேசத்துக்கு என்னால் போக முடியவில்லை. நீ போயிருப்பாய். சாம்பாரைப் பற்றி மட்டும் எழுதாதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "குட்டி டோஃபல் எழுதப் போகிறாள், நீ ஒரு வார்த்தை சொல்லேன்" என்றாய். வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்களுக்கு வைக்கிற அந்த ஆங்கிலத் தேர்வுக்குத்தானே நான் பாடமே எடுக்கிறேன். கூடவே ஒரு புத்தகத்தின் அட்டையையும் படம் எடுத்து அனுப்பியிருந்தாய். பானு, அந்தப் புத்தகத்தை அவள் கையிலிருந்து வாங்கிப் பரண்மேல் போடு. ஸ்பீக்கிங்கில், அதாவது பேச்சுப் பகுதியில், ஆறு கேள்விகள் என்று அட்டையிலேயே அச்சடித்திருக்கிறார்கள். அது 2019 ஆகஸ்டோடு போயிற்று. அதற்குப் பிறகு 2023 ஜூலையில் ஒரு மாற்றம் வந்தது. இந்த ஜனவரி 21 முதல் தேர்வையே புதிதாகக் கட்டிவிட்டார்கள். பெயர் மட்டும்தான் பழசு. அதை இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்ற பயிற்சி மையத்தை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. குழந்தை மூன்று மாதமாக அதில் அடிக்கோடு போட்டுப் படித்திருக்கிறாள் என்கிறாயே!

நீ 1997-ல் எழுதியது நினைவிருக்கிறதா? ராக்ஃபோர்ட் எக்ஸ்பிரஸில் உனக்குத் துணையாக வந்தேன். வழியெல்லாம் நீ பென்சில் சீவிக்கொண்டே வந்தாய். அப்போது தாளும் பென்சிலும்தான். பேசவே வேண்டாம். டேப்பைப் போட்டுக் கேட்கவைப்பார்கள், இலக்கணத்துக்கு 25 நிமிடத்தில் 40 கேள்விகள், அப்புறம் வாசிப்பு. மதிப்பெண் 677 வரை போகும். பல பல்கலைக்கழகங்கள் 550 கேட்ட காலத்தில் நீ 613 வாங்கினாய். அந்த வருஷமே உன் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. அதற்குப் பிறகு நீ அந்தக் காகிதத்தைப் பற்றிப் பேசியதே இல்லை, நானும் கேட்டதில்லை. குட்டி எழுதுகிறாள் என்றதும் எனக்கு முதலில் அந்த 613-தான் ஞாபகத்துக்கு வந்தது. அதனால்தான் இரண்டு வரியில் முடிக்காமல் இவ்வளவு எழுதுகிறேன்.

2005-ல் இணையவழித் தேர்வு வந்தபோது அந்த இலக்கணப் பகுதியை எடுத்துவிட்டுப் பேச்சைச் சேர்த்தார்கள். மதிப்பெண் 120-க்கு ஆயிற்று. நான் பாடம் எடுக்கத் தொடங்கியபோது இருந்தது அந்தத் தேர்வு. மூன்றரை மணி நேரம். 2019-ல் மூன்றாகி, 2023-ல் இரண்டு மணி நேரத்துக்குள் வந்து, இப்போது ஒன்றரைக்கு வந்து நிற்கிறது. குறைத்ததில் எனக்கு வருத்தமில்லை. பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து நடுராத்திரி பஸ் பிடித்து, சென்னையில் முகம் கழுவிக்கொண்டு நேரே தேர்வு மையத்துக்குப் போன பையன்களை எனக்குத் தெரியும். மூன்றாவது மணியில் அவர்களுக்குத் தூக்கம்தான் வந்தது, ஆங்கிலம் வரவில்லை.

புதிதில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன், குட்டிக்குப் படித்துக் காட்டு. வாசிப்பும் கேட்பதும் ஆள் பார்த்து மாறும். முதல் பாதி எல்லோருக்கும் ஒரே தரம். அதில் எப்படிச் செய்கிறாளோ அதைப் பொறுத்து இரண்டாம் பாதி கடினமாகவோ எளிதாகவோ வரும். ஆகவே தொடக்கத்தில் நிதானமாக இருக்கச் சொல். வாசிப்பில் சிறிய பாடப் பத்திகளோடு நோட்டீஸ், மின்னஞ்சல், குறுஞ்செய்தி மாதிரி அன்றாடச் சமாசாரங்களும் வரும். இது நல்ல மாற்றம். புது ஊரில் போய் இறங்குகிற பெண்ணுக்கு விடுதி நோட்டீஸ் புரிய வேண்டும், முதல் வாரமே.

அப்புறம் ஒரு பத்தியில் பத்துச் சொற்கள் பாதி பாதியாக வெட்டப்பட்டு நிற்கும், நிரப்ப வேண்டும். "காலையில் பல் துல—, காபி குடி—, பேரு— ஏறி அலுவ— போனேன்" என்று கொடுத்தால் நீ யோசிக்காமல் நிரப்பிவிடுவாய் இல்லையா? அதேதான், ஆங்கிலத்தில். இது புதுச் சரக்கு இல்லை. 1981-லேயே ஜெர்மனியில் ராட்ஸ், க்ளைன்-பிரேலி என்ற இருவர் கொண்டுவந்த சி-டெஸ்ட் என்ற முறையின் சாயல் இதில் இருக்கிறது. மொழி உள்ளே ஊறியிருந்தால் கை தானாக நிரப்பும், ஊறாவிட்டால் எந்தக் குறுக்குவழியும் உதவாது. ஆனால் எழுத்துப்பிழை விடக் கூடாது. குட்டி வாட்ஸப்பில் எழுதுகிற ஆங்கிலத்தைப் பார்த்தேன். உயிரெழுத்தே இல்லாமல் எழுதுகிறாள்! அதை இன்றிலிருந்தே நிறுத்தச் சொல்.

பேச்சுப் பகுதிதான் என்னை ரொம்ப நாள் கோபமாக வைத்திருந்தது. முன்பெல்லாம் கேள்வியைக் கொடுத்து, யோசிக்கப் பதினைந்து விநாடியாவது தருவார்கள். இப்போது முதலில் ஏழு வாக்கியங்கள். ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் ஒலிக்கும், கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். போகப் போக வாக்கியம் நீளும். அடுத்து பேட்டி எடுப்பது போல நாலு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 45 விநாடி, யோசிக்க நேரமே கிடையாது. கிளிப்பிள்ளைக்குத் தேர்வா வைக்கிறார்கள் என்று வகுப்பிலேயே சொல்லிவிட்டேன். அர்த்தம் தெரியாமல் ஒப்பித்து ஒப்பித்துத்தானே நம் பிள்ளைகள் பாழானார்கள், மறுபடியும் அதையேவா என்று ஆத்திரம்.

அப்புறம் ஒரு ராத்திரி நம் ஒற்றப்பாலத்துக்காரியைப் போனில் பிடித்தேன். மூன்று வருஷம் அவளோடு ஒரே அறையில் இருந்திருக்கிறோம், மலையாளம் நமக்குப் புரியும் என்று எவ்வளவு பெருமை! "நீ சொல்லு, நான் திருப்பிச் சொல்கிறேன்" என்றேன். நாலு சொல் வாக்கியம் அப்படியே வந்தது. ஏழு சொல்லும் வந்தது. பத்துப் பன்னிரண்டு சொல்லானதும் அர்த்தம் முழுக்கப் புரிந்தது பானு, ஆனால் அவள் "வீட்டிலேக்கு" என்றால் என் வாய் "வீட்டுக்கு" என்றது. அவள் "போயி" என்று முடித்தால் நான் "போனேன்" என்று முடித்தேன். அந்தப் பக்கம் அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. சின்ன வாக்கியத்தைக் கிளிபோலச் சொல்லிவிடலாம். நீண்ட வாக்கியத்தை ஒலியாக மட்டும் தூக்கிக்கொண்டு வர முடியாது. அர்த்தத்தை எடுத்துக்கொண்டு, நமக்குத் தெரிந்த இலக்கணத்தில் திரும்பக் கட்டுகிறோம். கட்டும்போது நம் கையிருப்பு வெளியே தெரிந்துவிடுகிறது. என் மாணவர்கள் "ஷி கோஸ்" என்று கேட்டு "ஷி கோ" என்று திருப்பிச் சொல்வதும் இதுதான். மறுநாள் வகுப்பில் நான் முன்பு சொன்னது தவறு என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு கவலை போகவில்லை. வீட்டில் ஆங்கிலம் காதில் விழுந்து வளர்ந்த பிள்ளைக்கும், பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆங்கிலத்தைத் தாளில் மட்டும் பார்த்த பிள்ளைக்கும் இந்த ஏழு வாக்கியத்தில் உள்ள தூரம் பெரிது. அந்தத் தூரத்தைக் கடக்க மாதக்கணக்கில் கேட்க வேண்டும், வேறு வழியே இல்லை.

எழுத்தைப் பற்றிச் சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும்.

முன்பு இரண்டு எழுத்து வேலைகள் இருந்தன. ஒன்று, முப்பது நிமிடக் கட்டுரை. ஒரு கருத்தைக் கொடுத்து, ஒப்புக்கொள்கிறாயா இல்லையா, ஏன் என்று கேட்பார்கள். 2018-ல் துறையூருக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். முழுக்கத் தமிழ்வழி, வீட்டில் முதல் பட்டதாரி. முடிவுகளைத் தனியாக எடுப்பது நல்லதா, நாலு பேரைக் கேட்டு எடுப்பது நல்லதா என்று பயிற்சிக்குக் கொடுத்தேன். முதல் வாரம் அரை மணி நேரத்தில் ஐந்து வரி. அதுவும் எங்கேயோ மனப்பாடம் செய்தது. நாலாவது வாரம் தாத்தாவைப் பற்றி எழுதினாள். யாரையும் கேட்காமல் ஆழ்துளைக் கிணறு போட்டார், 640 அடியில் புழுதிதான் வந்தது, கடன் மூன்று வருஷம் நின்றது. ஆனால் அதே தாத்தா யாரையும் கேட்காமல்தான் தன்னைப் பள்ளிக்கு அனுப்பினார், கேட்டிருந்தால் பங்காளிகள் வேண்டாம் என்றிருப்பார்கள் என்று முடித்திருந்தாள். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் "ஏ", "த" எல்லாம் தப்பும் தவறுமாக இருந்தது. வாதம் ஆடாமல் நின்றது. பேப்பரைக் கொடுத்துவிட்டு, "நீ என்ன நினைக்கிறேன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல மிஸ்" என்றாள்.

அந்தக் கட்டுரை 2023-ல் போனது. அதன் இடத்தில் பத்து நிமிட விவாதப் பதிவு வந்தது. பேராசிரியர் ஒரு கேள்வி போட்டிருப்பார், இரண்டு மாணவர்கள் பதில் எழுதியிருப்பார்கள், நாம் நம் பங்குக்கு நூறு சொல்லாவது எழுத வேண்டும். பத்து நிமிடத்தில் தாத்தாவின் கிணறு வரைக்கும் போகலாம், பள்ளிக்கூடம் வரைக்கும் போக முடியாது.

இன்னொன்று, ஒரு பத்தியைப் படித்து, அதே விஷயத்தில் ஒரு விரிவுரையைக் கேட்டு, இரண்டையும் சேர்த்து எழுதுவது. விரிவுரையில் பெரும்பாலும் ஆசிரியர் அந்தப் பத்தியை மறுத்துப் பேசுவார். நம் பிள்ளைகளுக்கு அதுவே அதிர்ச்சி. புத்தகத்தில் இருப்பது தப்பு என்று ஆசிரியர் சொல்வாரா! முதல் நாள் பாதிப் பேர் இரண்டும் ஒன்றுதான் என்று எழுதிவைப்பார்கள். அதைப் பழக்க எனக்கு ஒரு மாதம் ஆகும். ஒரு மாதத்துக்குப் பிறகு செய்தித்தாளைக்கூட வேறு மாதிரி வாசிப்பார்கள். அது இந்த ஜனவரியோடு போய்விட்டது. இப்போது கலைந்த சொற்களை வரிசைப்படுத்திப் பத்து வாக்கியம், ஏழு நிமிடத்தில் ஒரு மின்னஞ்சல், அப்புறம் அந்தப் பத்து நிமிட விவாதம். அவ்வளவுதான் எழுத்து. மின்னஞ்சல் எழுதத் தெரிய வேண்டியதுதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் தேர்வில் இல்லாததைக் கற்றுக்கொள்ள யாரும் காசு கட்டி வரமாட்டார்கள். கட்டுரையும் மறுப்பும் என் வகுப்பிலிருந்து தானாக நழுவும் என்ற பயம் எனக்கு இருக்கிறது. அதனால் சனிக்கிழமைகளில் கட்டணம் இல்லாமல் பழைய முப்பது நிமிடக் கட்டுரையை நடத்துகிறேன். போன வாரம் நாலு பேர் வந்தார்கள்.

மதிப்பெண்ணைக் கண்டு நீ பதறாதே. இப்போது 1-லிருந்து 6 வரை, அரை அரையாக. நாலு பகுதிகளின் சராசரிதான் மொத்தம். 4 என்றால் பழைய 72-லிருந்து தொடங்குகிறது, 5 என்றால் 95-லிருந்து. குட்டியின் பட்டியலில் இருக்கிற பல்கலைக்கழகங்கள் கேட்கிற 90 அந்த இரண்டுக்கும் நடுவே வரும். இரண்டு வருஷத்துக்குப் பழைய 120 கணக்கையும் சேர்த்தே போடுகிறார்கள். அரை அரையாக ஏறுகிற இந்தப் புதுக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. 100 கேட்ட இடத்துக்கு 99 வாங்கிவிட்டு என் முன்னால் உட்கார்ந்து அழுத பையனை மறக்க முடியவில்லை. முடிவும் 72 மணி நேரத்தில் வந்துவிடும். இரண்டு வருஷம்தான் செல்லும் என்பது மட்டும் மாறவில்லை, ஆகவே ரொம்ப முன்கூட்டியே எழுதிவிட வேண்டாம்.

மே மாதம் அவளை என்னிடம் பத்து நாள் அனுப்பு. அம்மாவுக்கும் பேச்சுத்துணை ஆகும். அதற்குள் தினமும் அரை மணி நேரம் ஆங்கிலச் செய்தி கேட்டு, ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, வாய்விட்டுத் திருப்பிச் சொல்லட்டும். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே ஒரு வேலை செய். "உன் ஊரில் நீ அடிக்கடி போகிற இடம் எது, ஏன்?" என்று ஆங்கிலத்தில் திடீரென்று கேள். யோசிக்க விடாதே. அவள் 45 விநாடி பேசுவதை அப்படியே பதிவு செய்து எனக்கு அனுப்பு. கேட்டுவிட்டு நீ அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று எனக்கு வாயசைத்தாயே, அந்த வேலையெல்லாம் இங்கே கூடாது.

உன்
வசந்தா