பட்டை சேர்க்காதே, மணி

அன்புள்ள மணி,

இங்கே சிங்கப்பூரில் எல்லோரும் நலம். அங்கே அக்காவும் பிள்ளைகளும் நலம்தானே? உன் கடிதம் வந்து மாதக்கணக்காகிறது. பதில் போடாததற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். வேலை, மழை, மகனின் பரீட்சை என்று காரணம் சொன்னால் சண்முகம் அண்ணன் தொப்பி தேடிய கதையாகிவிடும், அதனால் விட்டுவிடுகிறேன்.

இப்போது அவசரமாக எழுத உட்கார்ந்ததற்கு, உன் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரிதான் காரணம். "பொலேரோ பிக்கப் வாங்கிவிட்டேன், வாழைத்தார் ஏற்றுகிறேன், சின்னமனூர் பட்டறைக்காரர் பின்சக்கர ஸ்பிரிங் கட்டில் இரண்டு இரும்புப் பட்டை சேர்த்துப் போட்டால் இன்னும் அரை டன் தாங்கும் என்கிறார், போடலாம் என்றிருக்கிறேன்." படித்தபோது அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. இப்போது நிறைய இருக்கிறது. இன்னும் போடவில்லை என்றால் இதைப் படித்து முடிக்கும்வரை பட்டறைப் பக்கம் போகாதே.

நம் வெள்ளை பிக்கப் ஞாபகம் இருக்கிறதா? நீ தூணில் உரசிய தழும்பு கதவில் அப்படியே இருக்கிறது. பத்து வருடம் முடிந்து, வண்டி வைத்திருக்கும் உரிமைச் சீட்டான சிஓஇ-யைப் புதுப்பித்து இன்னும் ஓடுகிறது. பத்து வருடம் தாண்டிவிட்டால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும், உனக்குத் தெரியும். அடுத்த பரிசோதனை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் இது நடந்தது.

சுங்கை தெங்காவில் மண் மூட்டை ஏற்றிக்கொண்டு புக்கிட் தீமாவில் ஒரு காண்டோ குடியிருப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். முதல் நாள் ராத்திரி முழுக்க மழை. நனைந்த மண்ணின் கனம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூட்டை எண்ணிக்கை வழக்கம்போலத்தான், எடை மட்டும் வழக்கம்போல இல்லை. பின்னால் பரமக்குடிப் பையன்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கேஜேஇ விரைவுச்சாலையில் ஏறிக் கொஞ்ச தூரம் போயிருப்பேன், இடது பக்கம் பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம். டயர் வெடித்தால் வேறு மாதிரிக் கேட்கும், இது இரும்புச் சத்தம். அந்தப் பக்கமே வண்டி அமர்ந்துவிட்டது, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தாலும் ஒரு பக்கமாக இழுத்தது. மெதுவாக ஓரப்பாதைக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். விரைவுச்சாலையில் நின்றால் இழுத்துப்போக நிலப் போக்குவரத்து ஆணையத்தின் வண்டி இலவசமாக வருமே, அது வந்து பக்கத்துக் கார்நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டுப் போனது. யாருக்கும் அடியில்லை.

பிறகு சுங்கை காடுட்டில் ஒரு பட்டறை. அங்கே வயதான ஒரு சீன அங்கிள், ஜொகூர்க்காரர், மலாயும் ஆங்கிலமும் நாலு வார்த்தை தமிழும் கலந்து பேசுவார். கழற்றி எடுத்த மெயின் பட்டையை, கட்டிலேயே நீளமான மேல் பட்டை அது, என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பட்டைகளையெல்லாம் நடுவில் கோக்கிற சென்டர் போல்ட்டின் துளைக்குச் சரியாகக் குறுக்கே முறிந்திருந்தது. முறிந்த முகத்தில் முக்கால் பாகம் கறுத்துத் துருவேறிக் கிடந்தது. ஓரத்தில் ஒரு விரல் அகலம் மட்டும் புதிதாக, மணல்மணலாக மின்னியது. அந்தக் கறுப்புப் பகுதி எப்போதோ விரிசல் விட்டு, ஈரம் புகுந்து, உள்ளுக்குள்ளேயே வளர்ந்துகொண்டிருந்த இடம். மின்னிய அந்த ஒரு விரல் அகலம்தான் அத்தனை மூட்டையையும் பையன்கள் இரண்டு பேரையும் அன்று காலைவரை தாங்கியது. வீட்டுக்கு எடுத்துவந்து என் மனைவியிடம் காட்டினேன். "இதை எதற்குச் சாப்பாட்டு மேசையில் வைக்கிறீர்கள்" என்றாள். நீ இருந்திருந்தால் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய்.

துளையிலேயே ஏன் முறிய வேண்டும் என்று கேட்டேன். பட்டைக் கட்டைச் சக்கர அச்சான ஆக்சிலோடு சேர்த்துப் பிடிக்கிற யு போல்ட்தான் காரணம் என்றார். யு போல்ட் இறுக்கமாக இருக்கும்வரை பட்டைக் கட்டின் நடுப்பகுதி ஆக்சிலோடு ஒட்டி அசையாமல் கிடக்கும், வளைவதெல்லாம் இரண்டு பக்கமும்தான். நட்டு தளர்ந்தால் நடுவும் வளைய ஆரம்பிக்கும். நடுவில் துளை போட்டிருப்பதால் பட்டையிலேயே பலம் குறைந்த இடமும் அதுதான். அதனால் உன் வண்டியில் பட்டை சேர்ப்பதற்கு முன்னால் ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடியில் படுத்து யு போல்ட் நட்டுகளைப் பார். காசு செலவில்லாத வேலை.

மாற்றுகிற வேலை ஒரு முழுப் பகல் எடுத்தது, நான் கூடவே நின்றேன். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கம் வண்டிச் சட்டமான சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்து, ஆக்சிலைத் தனியாக ஒரு ஜாக்கியில் தாங்கிக்கொண்டார்கள். யு போல்ட்டுகளை கிரைண்டரால் அறுத்தே எறிந்தார் அங்கிள். ஒருமுறை முறுக்கி நீண்ட யு போல்ட்டைத் திரும்பப் போடவே கூடாதாம், எப்போதும் புதுசுதான். வில்லங்கம் செய்தது, பட்டையின் முனையில் வளையமாகச் சுருண்டிருக்கிற முன்பக்கக் கண்ணின் போல்ட். கண்ணில் இருக்கிற ரப்பர் புஷ்ஷுக்குள்ளே உள்ள இரும்புக் குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகிவிட்டது. போல்ட்டைத் திருப்பினால் ரப்பர்தான் முறுக்கிக்கொள்கிறது, போல்ட் நகரவில்லை. உதவிக்கு இருந்த பையன் கேஸ் டார்ச்சை எடுத்தான். அங்கிள் குதித்துவிட்டார். "டாங்க் பக்கத்தில் நெருப்பா? தாக் போலே, கூடாது!" என்று கத்தி, ரம்பத்தால் அறுக்க வைத்தார். அந்த ஒரு போல்ட்டுக்கே மதியச் சாப்பாடு தள்ளிப்போனது.

புதுப் பட்டைக் கட்டை ஏற்றும்போது இரண்டு விஷயம் கவனித்தேன். சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் மேடையில் இருக்கிற குழியில் சரியாக உட்கார வேண்டும். உட்காராமல் யு போல்ட்டை முறுக்கிவிட்டால் ஆக்சில் கோணலாக நிற்கும், வண்டி நேராகப் போனாலும் பின்சக்கரங்கள் ஒரு பக்கமாகவே ஓடும். இரண்டாவது, கண் போல்ட்டையும், பின்பக்கக் கண்ணைச் சேசிஸோடு இணைக்கிற ஷாக்கிளின் போல்ட்டையும் வண்டி அந்தரத்தில் நிற்கும்போது முழுசாக இறுக்கக் கூடாது. பட்டை எடையில் நிமிரும்போது நீளும், அந்த நீளத்துக்கு இடம் கொடுக்கத்தான் பின்பக்க ஷாக்கிள் ஊஞ்சல்போல் ஆடுகிறது. தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், வண்டியைக் கீழே இறக்கியதுமே புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், சீக்கிரமே கிழிந்துவிடும். பையன் மேலேயே வைத்து இறுக்கப் போனான், அங்கிள் அவன் கையில் ஒன்று போட்டார். கீழே இறக்கி, பின்பக்கத்தை இரண்டு முறை அமுக்கிவிட்டு, அப்புறம்தான் இறுக்கினார்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யு போல்ட்டை மறுபடி முறுக்க வரச் சொல்லியிருக்கிறார்.

இனி உன் விஷயம். இதே பேச்சு இங்கேயும் வந்தது. முதலில் எங்கள் முதலாளி தவுக்கே, "முறிந்தது இடது பக்கம்தானே, வலது பக்கம் எதற்கு?" என்றார். ஒன்று புதுசு ஒன்று பழசு என்றால் வண்டி சாய்ந்தே நிற்கும் என்று அங்கிள் சொல்லி அதைச் சமாளித்தார். அடுத்து தவுக்கேயின் மகன் வந்தான். படித்த பிள்ளை, நன்றாகத்தான் பேசுவான். "அண்ணே, கழற்றியதுதான் கழற்றியாச்சு, ஒரு பட்டை சேர்த்துப் போட்டால் இனிமேல் வண்டி உட்காராதல்லவா?" என்றான். கேட்கும்போது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அங்கிள் எங்களை வண்டிக்கு அடியில் குனியச் சொல்லி ஒரு கம்பியைக் காட்டினார்.

பின் ஆக்சிலிலிருந்து கிளம்பி, சேசிஸில் இருக்கிற ஒரு சின்ன வால்வுக்குப் போகிற கம்பி அது. எத்தனை தடவை கழுவியிருப்போம், நாம் இரண்டு பேரும் அதை ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் விட வேண்டும் என்று முடிவு செய்வது அந்த வால்வுதான். வெறும் வண்டியில் பின்பக்கம் உயர்ந்து நிற்கும். அப்போது வால்வு அழுத்தத்தைக் குறைத்துவிடும், இல்லாவிட்டால் பிரேக் போட்டவுடன் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். சுமை ஏறி வண்டி தாழ்ந்தால் கம்பி நகர்ந்து வால்வு திறக்கும், பின் பிரேக் பலமாகப் பிடிக்கும். ஆக அந்த வால்வுக்குத் தெரிந்த எடை, வண்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பது மட்டும்தான். கூடுதல் பட்டை போட்டு வண்டியைத் தாழவே விடாமல் செய்துவிட்டால், ஒன்றரை டன் ஏற்றினாலும் காலி வண்டி என்றே நினைத்துக்கொள்ளும். சுமை இருக்கிறது, பின் பிரேக் பாதிதான் இருக்கிறது. பட்டை தாங்கும் மணி, பட்டை தாங்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிரேக், டயர், வீல் பேரிங், ஆக்சில் எதற்கும் நீ பட்டை சேர்த்தது தெரியாது.

அதோடு, இங்கே வண்டிப் பக்கவாட்டில் காலி எடையும் அதிகபட்ச எடையும் எழுதியிருக்குமே, பட்டை சேர்த்தால் அந்த எண் மாறாது. தவுக்கேயின் மகனிடம் அதைச் சொன்னதும் பேசாமல் போனைப் பார்க்க ஆரம்பித்தான்.

மூட்டை மட்டும் என்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். சத்தம் கேட்டதும் நான் கண்ணாடியைப் பார்த்தேன். பையன்களில் ஒருவன் மூட்டையைப் பிடிக்காமல் மற்றவனின் சட்டையைப் பிடித்திருந்தான். கூரை இருந்தது, பக்கக் கம்பி இருந்தது, உட்கார்ந்துதான் இருந்தார்கள். நீயும் நானும் அதே பலகையில் மடியில் டிபன் கேரியரை வைத்துத் தூங்கிக்கொண்டே வந்தவர்கள்தானே. அப்போது முன்னால் ஓட்டுபவரின் காலுக்கடியில் என்ன இருக்கிறது, நமக்கடியில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளாவது யோசித்திருப்போமா? லாரியில் ஆட்களை ஏற்றுவதைத் தடை செய்ய வேண்டும் என்று நாடாளுமன்றத்தில்கூடப் பேசிவிட்டார்கள். இன்னும் தடை வரவில்லை. நான் தவுக்கேயிடம், மண் ஏற்றும் நாளில் ஆள் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "பார்க்கலாம்" என்றார். காலையில் தவுக்கே மகனின் வேனில் பையன்கள் போகிறார்கள், சாயங்காலம் காலி பிக்கப்பில் என்னோடுதான் திரும்புகிறார்கள். அவ்வளவுதான் நடந்திருக்கிறது. இதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் எனக்குப் பட்டைச்சாமி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சரி, நீ செய்ய வேண்டியது. நாளைக்கே உன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார், ஆக்சிலிலிருந்து மேலே கம்பி போகிறதா என்று. போகிறது என்றால் பட்டறைக்காரரிடம், பட்டை சேர்த்தால் இந்த வால்வை யார் சரிப்படுத்துவது என்று கேள். முழிக்கிறார் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடு. கம்பியே இல்லை என்றாலும் சேர்க்காதே, தாரைக் குறைத்து இன்னொரு நடை போ. டீசல் காசு எனக்கும் தெரியும். தாரோடு கூலியாட்களையும் பின்னால் ஏற்றுகிறாயா என்று நான் கேட்கவில்லை, நீயாக எழுது.

மீசைக்காரர் மகள் கல்யாணத்துக்கு நான் வருவது சந்தேகம், மொய்ப் பணம் அனுப்புகிறேன், என் பெயரில் நீயே எழுதிவிடு. போன முறைபோல் உன் பெயரில் எழுதிக்கொள்ளாதே.

அன்புடன்,
கந்தசாமி