கழுகுமலைக்குப் படமெடுக்க வரும் மகனுக்கு

பாளையங்கோட்டை

அன்பு மகனுக்கு,

இங்கு யாவரும் நலம். உன் நலமறிய ஆவல். கழுகுமலை வேட்டுவன் கோயிலைப் பற்றி நீ தொலைக்காட்சிக்கு எடுக்கவிருக்கும் ஆவணப்படத்தின் எழுத்துப் பிரதியை இரண்டு முறை படித்தேன். ஓவிய வாத்தியாராகவே காலம் கழித்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

படத்தை நீ தகப்பன் மகன் கதையோடு தொடங்குகிறாய். மலைமேல் தகப்பனும் அடிவாரத்தில் மகனும் கோயில் வெட்டினார்கள் என்றும், மகனுடைய வேலை முந்திவிட்ட பொறாமையில் தகப்பன் அவனைக் கொன்றதால் மேலேயுள்ள கோயில் பாதியில் நின்றது என்றும் ஊரில் சொல்லிவரும் கதை அது. ஒரு தகப்பனாக அதைக் கேட்கும்போதெல்லாம் என் மனம் கலங்கும். ஆயினும் நான் தயங்குவது அதற்காக அல்ல. அந்தக் கதையை முதலில் கேட்டவன் அதற்குப் பிறகு கல்லைப் பார்க்கமாட்டான். கல்லில் இருப்பதோ அதைவிடப் பெரிய செய்தி. 8ஆம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்துச் சிற்பிகள் பாறையைச் சுற்றிலும் வெட்டியெடுத்து, நடுவில் விட்ட கல்லை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே இறங்கினார்கள். அதனால்தான் மேலே சிகரமும் நந்திகளும் பூதகணங்களும் நுணுக்கமாக முடிந்திருக்க, அடிப்பகுதி உளி பட்ட கரடாகவே நிற்கிறது. வேலை எந்த வரிசையில் நடந்தது என்பதை, முடிந்துபோன ஒரு கோயில் இவ்வளவு வெளிப்படையாகக் காட்டாது.

ஆகவே உன் கேமராவும் அந்த உளியைப் போலவே இறங்கட்டும். ட்ரோனைப் பறக்கவிட்டு மலையைச் சுற்றிக் காட்டுவதைப் பின்னால் வைத்துக்கொள். சிகரத்தில் தொடங்கி, அவசரப்படாமல் ஒவ்வொரு தளமாக வந்து, செதுக்காத பாறையில் நில். அந்த இடத்தில் விளக்கவுரை வேண்டாம். உளித்தழும்புகளை அரை நிமிடமாவது பார்க்க விடு. கதையை அதற்குப் பிறகு சொன்னால், அப்படி ஒரு கதையைச் சொல்ல ஊருக்கு ஏன் தோன்றியது என்பதும் சேர்ந்து விளங்கும்.

தென்முகத்தில் மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி இருக்கிறார். இளம் வயதில் அவரை வரைய இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். உச்சிவெயிலில் முகம் தட்டையாகத் தெரிந்தது. மறுநாள் காலை வெயில் சாய்ந்து விழுந்தபோதுதான் கன்னத்தின் வளைவும் தோளின் திரட்சியும் கல்லிலிருந்து எழுந்து வந்தன, முதல் நாள் தாளைக் கிழித்துப் போட்டேன். மார்கழியிலும் தையிலும் சூரியன் தெற்கே ஒதுங்கிச் செல்லும். அந்த மாதங்களில் வா. அவருக்குப் பின்னணியில் மிருதங்க ஒலியைச் சேர்க்கவேண்டும் என்று பிரதியில் குறித்திருக்கிறாய். அதை எடுத்துவிடு, தம்பி. மலைக்காற்றின் ஓசை போதும்.

ஓசைக்காக ஆசைப்பட்டு நடந்த ஒன்றை நான் நேரில் கண்டவன். நெல்லையப்பர் கோயிலில் ஒரு படக்குழு இசைத்தூண்களைக் காசால் தட்டித் தட்டிப் பதிவு செய்தபோது, தடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

அதே மலையில் வரிசை வரிசையாக உள்ள சமணத் திருமேனிகளை ஒரே வீச்சில் கடந்துவிடாதே. இன்னார் செய்வித்த திருமேனி என்று வட்டெழுத்தில் பெயரோடு வெட்டி வைத்திருக்கிறார்கள். குரத்தியர் எனப்பட்ட பெண் துறவியரின் பெயர்களும் அவற்றில் உண்டு. நாலைந்து பெயர்களையாவது படத்தில் நிதானமாக வாசிக்கச் செய். அங்கே வருகிறவர்கள் படமெடுத்துக்கொண்டு போகிறார்களே தவிர, அந்த எழுத்தைக் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு.

1986இல் மாவட்டம் பிரிந்தபோது கழுகுமலை தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டாலும் எங்களுக்கு அது இன்னும் திருநெல்வேலிச் சீமைதான். நீ வரும் நாளை எழுது. மிஞ்சிய அந்த இரண்டாம் நாள் தாளை எடுத்து வைத்திருக்கிறேன். ஓரம் செல்லரித்திருந்தாலும், வெயில் எந்தப் பக்கம் விழுந்தது என்று அம்புக்குறி போட்டு மணியும் எழுதியிருக்கிறது. உன் கேமராமேனுக்கு உதவும்.

அன்புடன்,
அப்பா